அன்புமொழி அடுக்கிய பெட்டி

அளவுகோலை எழுதிக் கொடுத்தவருக்கு, அந்த அளவுகோல் ஒதுக்கித் தள்ளியதில் எவ்வளவு பங்கு உண்டு? அன்புமொழியை நினைக்கும்போதெல்லாம் நான் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன். அவர் நல்லவரா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. நேர்மையானவரா என்றால், ஒரு பிற்பகல் நீங்கலாக, ஆம் என்பேன். அந்த ஒரு பிற்பகலால்தான் இதை எழுதுகிறேன்.

வல்லத்திராக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாகராசுவுக்குக் கொஞ்சம் முந்திரிக்காடும், மழை பெய்தால் விளையும் ஒரு வயலும் இருந்தன. டிப்ளமா முடித்து, நேராக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேர்ந்து தேறினார். பெங்களூரில் விமானப் பாகங்கள் செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார்த்தார். கல்யாணத்துக்காக ஊர் திரும்பினார். கணவர் குணசேகரன் அறந்தாங்கிக்காரர், தோஹாவில் ஏ.சி. வேலைகளுக்கு சூப்பர்வைசர். லீவு முடிந்து அவர் விமானம் ஏறியதும், அன்புமொழி புதுக்கோட்டையில் வீடு எடுத்துக்கொண்டு அறந்தாங்கி சாலையில் இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் சேர்ந்தார். நான் அங்கே கணிதம் எடுப்பவன். பல வருடம் ஒரே ஸ்டாஃப் பஸ்ஸில் போய் வந்திருக்கிறோம்.

அவரை யாருக்கும் பெரிதாகப் பிடிக்காது. துறைத்தலைவர் ஒரு முறை கருத்தரங்கில் பேசிவிட்டு வந்து, "எப்படி மேடம் இருந்துச்சு?" என்று கேட்டார். "நேரத்துக்கு முடிச்சிட்டீங்க சார்" என்றார் அன்புமொழி. பாராட்டு அவ்வளவுதான். மாணவர்களிடமும் இப்படியே. ஆனால் ஒருவனுடைய விடைத்தாளை இன்னொருவனுடையதைவிடக் கவனமாகத் திருத்தினார் என்று அவர்மீது யாரும் குறை சொன்னதில்லை.

அவருடைய முனைவர் பட்ட ஆய்வு, விண்கலம் ஒன்றுக்குள் எந்தப் பாகத்தை எங்கே வைப்பது என்பதைப் பற்றியது. கேட்பதற்கு எளிய வேலை. தீபாவளிக்கு ஊருக்குப் போகப் பெட்டி அடுக்கத் தெரிந்த யாரும் செய்துவிடலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இந்தப் பெட்டிக்கு நிபந்தனைகள் அதிகம். மொத்த எடையின் மையம் பெட்டியின் நடுவை விட்டு விலகக் கூடாது, விலகினால் கலம் தள்ளாடும். சூடாகும் பொருளும் சூடு தாங்காத பொருளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது. காந்தச் சுருளுக்கு அருகே திசை உணரும் கருவி கூடாது. ஒயர் நீளக் கூடாது, நீண்டால் அதுவும் எடை. இருப்பது பத்துப் பதினைந்து பொருள்கள்தான். ஆனால் அவற்றை மாற்றி மாற்றி வைக்கும் விதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க மனித ஆயுள் போதாது.

அதனால் அவர் எழுதிய கம்ப்யூட்டர் நிரல் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. முதலில் கண்ணை மூடிக்கொண்டு சில நூறு அடுக்குகளை உண்டாக்கும். ஒவ்வொன்றுக்கும் மார்க் போடும். நிபந்தனையை மீறிய அடுக்குக்கு அபராதம். மார்க் குறைந்தவை அழியும். மிஞ்சியவை ஜோடி சேர்ந்து, ஒன்றின் பாதியும் மற்றொன்றின் பாதியுமாகப் புதிய அடுக்குகள் பிறக்கும். இடையிடையே சிலவற்றில் காரணமே இல்லாமல் ஒரு பொருள் இடம் மாறும். மறுபடி மார்க், மறுபடி அழிவு. இப்படி ஆயிரக்கணக்கான தலைமுறைகள் கழிந்தபின், எந்த மனிதரும் யோசித்திருக்க மாட்டாத ஓர் அடுக்கு திரையில் வந்து நிற்கும். பரிணாமத்தைப் பார்த்து உண்டாக்கிய வழிமுறை என்பார்கள். அந்த ஒப்புமையில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. காட்டில் எந்த மான் பிழைக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து எழுதிவைக்கவில்லை. இங்கே ஒருவர் எழுதிவைக்கிறார்.

கோடை விடுமுறையில், மாணவர்கள் இல்லையென்று ஏ.சி.யை நிறுத்திவிட்ட கம்ப்யூட்டர் லேப்பில், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவர் அதை முதன்முதலாக ஓட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன். கணக்கில் ஒரு சந்தேகம் என்று கூப்பிட்டிருந்தார். கடைசியில் வந்த அடுக்கில் பேட்டரியும் ரேடியோவும் ஒரே இடத்தில், ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

"ஏமாத்திருச்சே மேடம்" என்றேன்.

"அது ஏமாத்தல சார். ரெண்டு பொருளு ஒரே எடத்துல இருக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. நான் கேட்டத அப்புடியே குடுத்துருக்கு." அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

கல்லூரி சொந்தமாக ஒரு சிறிய செயற்கைக்கோள் செய்யும் என்று தாளாளர் பெரியகருப்பன் ஒரு பட்டமளிப்பு விழாவில் அறிவித்தார். பஸ்ஸும் கல்குவாரியும் வைத்திருப்பவர். வேறு ஏதோ ஒரு கல்லூரி செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தார். பெரிய ராக்கெட் ஒன்றில் ஓரமாக ஏறிப்போகும் பெட்டி. இரண்டு செங்கல்லை ஒட்டிவைத்த அளவுகூட இராது. எடைக்கு உச்சவரம்பு உண்டு. அதை ஒரு கிராம் தாண்டினாலும் ஏற்ற மாட்டார்கள். மாணவர்கள் பாகங்களைச் செய்தார்கள். எதை எங்கே வைப்பது என்பது அன்புமொழியின் பொறுப்பாயிற்று.

கேமராவைச் செய்தவள் இலக்கியா. மின்னணுத் துறையில் படித்த பெண். கட்டுமாவடிக்காரி, அப்பா கடலுக்குப் போகிறவர். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் வந்து கலக்கும்போது அவர்கள் ஊர்க் கடல் எதுவரை நிறம் மாறுகிறது என்று மேலிருந்து பார்க்க வேண்டும் என்பது அவள் திட்டம். பெரிய நாடுகளின் செயற்கைக்கோள் படங்கள் இணையத்திலேயே கிடைக்கிறதே என்று நான் சொன்னேன். "அது அவங்க எடுத்தது சார்" என்றாள். லென்ஸைப் பிடித்துக்கொள்ளும் வளையத்தை மூன்று முறை செய்து, மூன்று முறையும் தூக்கிப்போட்டு, நான்காவதாகச் செய்ததைக் கொண்டுவந்து அன்புமொழியிடம் கொடுத்தாள்.

அன்புமொழி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடை பார்த்தார். "இது போகும்" என்றார்.

"நெசமாவா மேம்?"

"ஒரு பக்கம் எனக்குக் கொஞ்சம் எடை வேணும். ஒன் கேமரா அதுக்குச் சரியா வருது. கண்டிப்பா போகும்."

கண்டிப்பாக என்ற சொல்லை அவர் வேறெங்கும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டாள். கடைசி வருடத்தில் கம்பெனிகள் வேலைக்கு ஆள் எடுக்க வந்த நாள்களில்கூட லேப்பை விட்டு வரவில்லை. கட்டுமாவடியில் அவள் அப்பா, தெருவில் போகிறவர்களை நிறுத்தி வானத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

தோஹாவிலிருந்து குணசேகரன் பஸ் நேரத்துக்குச் சரியாகப் போன் செய்வார். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கெல்லாம் கேட்கும்.

"ஒன் டப்பா எப்பத்தான் மேல போகும்?"

"போறப்ப சொல்றேன்."

"வருசத்துக்கு ஒருக்கா நான் பறக்குறேன். ஒரு தடவ திருச்சி ஏர்போர்ட்டு வரைக்கும் வந்து வழியனுப்பிருப்பியா? இதுக்கு மட்டும் ஆந்திரா வரைக்கும் போவேங்குற."

"ஒங்களுக்குத்தான் வழி தெரியுமே."

பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஆனால் கோபமும் இல்லை. அந்த மாதங்களில் அவர் ஏறக்குறைய சந்தோஷமாக இருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

பெட்டியின் அலுமினியச் சட்டம் தயாரானதும் அதற்கு வாஸ்து பார்க்க வேண்டும் என்று தாளாளர் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அவருடைய பஸ் டிப்போ, குவாரி ஆபீஸ், கல்லூரியின் கழிப்பறை வரை எல்லாம் வாஸ்து பார்த்துக் கட்டியவை. இதை மட்டும் எப்படி விடுவது? வாஸ்துக்காரர் முதல்வர் அறைக்கு வந்தார். முதல்வர் பிராங்க்ளின் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரே மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்துச் சட்டத்தை எடுத்து வைத்தார். உள்ளே, இரும்புத் தண்டில் சுற்றிய காந்தச் சுருள்கள் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தன. வாஸ்துக்காரர் திசைகாட்டியை மேலே பிடித்தார். முள் நாலா பக்கமும் ஆடியது.

"என்னங்க இது, முள்ளு நிக்கவே மாட்டேங்குது?"

"உள்ள காந்தம் இருக்குங்க" என்றார் அன்புமொழி.

"அப்ப இது சீவனுள்ள எடம்."

"ஐயா, இது மேல போனா சுத்திக்கிட்டே இருக்கும்ங்க. கெழக்கு மேற்குன்னு எதுவும் கெடையாது."

வாஸ்துக்காரர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "வீடு மட்டும் என்னம்மா, பூமியோட சேந்து சுத்தத்தான செய்யுது? அதுக்காக வீட்டுக்குக் கெழக்கு இல்லாமப் போச்சா?"

அன்று அந்த அறையில் பேசப்பட்டவற்றில் வாதம் என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். எது கிழக்கு என்று தீர்மானிக்க முடியாமல் கொஞ்ச நேரம் போயிற்று. கடைசியில் பிராங்க்ளின் வழி கண்டுபிடித்தார். "காலேஜ் பேரு எழுதுற பக்கம் கெழக்குன்னு வச்சுக்கலாம்ங்க." எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. தென்கிழக்கு அக்னி மூலை, பேட்டரி அங்கே வர வேண்டும். தென்மேற்கு கன்னி மூலை, அங்கே வீட்டுக்குப் பெரியவர் இருக்க வேண்டும், கனமாக இருக்க வேண்டும். கல்லூரியின் நிறுவனர் தாளாளரின் அப்பா. அவர் முகத்தைப் புடைத்துச் செய்த பித்தளைத் தகடு ஒன்று கும்பகோணத்திலிருந்து வந்து சேர்ந்தது. உள்ளங்கை அகலம், நல்ல கனம்.

"இதுக்கு எவ்வளவு முக்கியத்துவம் குடுக்கணும் சார்?" என்று அன்புமொழி கேட்டார். நிரலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். இல்லாமல் போனால் எவ்வளவு நஷ்டம் என்பதைச் சொல்லும் எண்.

"அதுக்கென்ன மேடம் எண்ணு? அது இருந்தே ஆகணும்."

"சரிங்க. கட்டாயம்னு எழுதிக்கிறேன்."

எழுதிக்கொண்டார். மறுக்கவில்லை. ஒருவேளை நிரல் எப்படியாவது சமாளித்துவிடும் என்று நம்பியிருக்கலாம். அதுவரை அது எல்லாவற்றையும் சமாளித்திருந்தது.

நிரல் இரண்டு நாள் ஓடியது. தகடும் பேட்டரியும் தெற்குப் பக்கமே அழுத்தின. ஈடு செய்ய வடக்கே இன்னும் எடை வேண்டும். கேமராவின் எடை மட்டும் போதவில்லை. கூடவே ஓர் ஈயத்துண்டை வைத்தால் மொத்த எடை வரம்பைத் தாண்டியது. எதையாவது எடுத்தாக வேண்டும். ரேடியோ இல்லாமல் முடியாது, கணினிப் பலகை இல்லாமல் முடியாது, தகடு கட்டாயம். கட்டாயம் என்று எழுதப்படாத ஒரே பொருள் கேமரா. பழைய தலைமுறைகளில் கேமரா இருந்த அடுக்குகள் ஒவ்வொன்றாக அபராதம் கட்டிச் செத்தன. கடைசியில் ஒன்றிலும் கேமரா இல்லை. அது இருந்த இடத்தில், வெளிச்சுவரை ஒட்டி, இரண்டையும் சேர்த்ததைவிட எடை குறைந்த ஈயத்துண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது.

பிராங்க்ளினுக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. மாணவர்களை வரச்சொல்லி அவரே அறிவித்தார். "கம்ப்யூட்டரே பாத்து முடிவு பண்ணிருச்சு. இதுல யாரும் யாரையும் குத்தம் சொல்ல முடியாது பாருங்க."

நான் படித்த வரையில், மனிதர்கள் தங்கள் முடிவுகளை வைத்துவிட்டு வர எப்போதும் ஓர் இடம் தேடியிருக்கிறார்கள். விதி, சாஸ்திரம், மேலிடம், சந்தை. அந்த வரிசையில் இப்போது இதுவும் வந்திருக்கிறது. இதற்கு முன்னால் இருந்தவற்றைவிட இது சுத்தமாகத் தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இலக்கியா அன்புமொழியைத்தான் பார்த்தாள். "யாரு மேம் எடுத்தது?"

"அதான் சார் சொல்றாருல்ல, கம்ப்யூட்டரு" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"நான்தான் எடுத்தேன்" என்றார் அன்புமொழி. "எது கட்டாயம், எது இல்லன்னு எழுதுனது நான்."

"அப்ப நீங்களே திருப்பி எழுதுங்க."

"எழுத முடியாது."

"அப்புறம் எதுக்கு மேம் கண்டிப்பான்னு சொன்னீங்க? போகுமான்னு நானா கேட்டேன்? ஒங்ககிட்ட குடுத்தேன், நீங்களா சொன்னீங்க. எங்கப்பா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. இப்ப என்ன சொல்றது, ஒரு பித்தளத் தாத்தாவுக்கு எடம் விட்டுட்டேன்னா?"

யாரோ சிரித்தார்கள். பிராங்க்ளின் "ஏம்மா, வார்த்தைய பாத்துப் பேசும்மா" என்றார். அன்புமொழி எழுந்து லேப்புக்குப் போனார்.

மறு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார். இலக்கியாவையும் வரச் சொல்லியிருந்தார். திரையில் புதிய அடுக்கு. தகட்டின் கனத்தைப் பாதியாக்கி ஓட்டியிருந்தார். தெற்கின் பாரம் குறைந்ததால் ஈயத்துண்டுக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது. வடக்கே கேமரா. பேட்டரி அக்னி மூலையில், தகடு கன்னி மூலையில். எடை வரம்புக்குள். மார்க், ஈயம் இருந்த அடுக்கைவிட நன்றாகவே இருந்தது.

"பின்பக்கத்தச் சீவுனாப் போதும். மொகத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். இலக்கியா திரையைத் தொட்டுப் பார்த்தாள். அன்று காலை அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அதிகமில்லை. ஆனால் பழையபடி பேசினார்கள்.

மூவருமாக முதல்வரிடம் போனோம். பிராங்க்ளின் கெட்டவர் அல்ல. இதை நான் வலியுறுத்த விரும்புகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் யாருமே இல்லை என்பதுதான் இதன் கசப்பு. பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயாவோட அப்பாவச் சீவணும்னு நான் போய்ச் சொல்லவா மேடம்?"

"பின்பக்கம்தான் சார்."

"முதுகச் சீவுனாலும் சீவுனதுதான் மேடம்."

"நான் சொல்றேன் சார். என்னைய ஒரு அஞ்சு நிமிசம் பாக்க விடுங்க."

"ரெண்டாவது கோள் ஒண்ணு செய்யலாம்னு ஐயா மனசுல இருக்கு. அத நீங்க கெடுத்துறாதீங்க. அதுல இந்தப் பொண்ணு கேமராவ மொதல்ல வச்சிருவோம், என்னம்மா?"

"அப்ப நான் இங்க இருக்க மாட்டேன் சார்" என்றாள் இலக்கியா.

அன்புமொழி இரண்டு முறை தாளாளர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். ஒரு முறை குவாரிக்குப் போயிருந்தார் என்றார்கள். இன்னொரு முறை வாசலிலேயே உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பெங்களூரில் இருந்தபோது அவர் செய்த ஒரு வேலை வேறொருவர் பெயரில் மேலே போனதாம். அன்று எதுவும் கேட்காமல் வந்துவிட்டதாகப் பஸ்ஸில் ஒருநாள் சொன்னார். "இந்தத் தடவ கேட்டுப் பாத்துரணும் சார்" என்றார். அவர் வாயிலிருந்து வந்ததால் அது எனக்கு ஒரு பெரிய விஷயமாகப் பட்டது.

ஏவுவதற்கு முந்தைய சோதனைக்கு அனுப்பும் முன், ஒரு பிற்பகலில் பெட்டிக்குப் பூஜை போட்டார்கள். கல்லூரி அரங்கில் மேடை, மேஜை, மாக்கோலம். சட்டம் திறந்தபடி இருந்தது. தகட்டை இன்னும் பொருத்தவில்லை. தனியாக ஒரு தாம்பாளத்தில் மாலை போட்டு வைத்திருந்தார்கள். பெட்டியை மூடிச் சோதனைக்கு அனுப்ப இன்னும் இரண்டு வாரம் இருந்தது. தகட்டின் பின்பக்கத்தை எங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே அரை நாளில் இழைத்துவிடலாம்.

பெரியகருப்பன் வந்தார். கற்பூரம் காட்டும் முன், தாம்பாளத்திலிருந்து தகட்டை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். "கனமாத்தான் செஞ்சிருக்கான்" என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல் திரும்பினார்.

"ஏம்மா, யாரோ ஒரு மீன்காரப் புள்ள கேமரா ஒண்ணு செஞ்சு வச்சு, அத விட்டுட்டீங்களாமே? டிரைவர் சொன்னான்."

பிராங்க்ளின் முந்திக்கொண்டார். "எடை கூடுதுங்கய்யா. கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துத்தான்..."

"நீங்க இருங்க. அம்மாட்ட கேக்குறேன்." அன்புமொழியை நேராகப் பார்த்தார். "இந்தத் தகட்டக் கொஞ்சம் மெல்லிசாக்குனா அது போயிருமா? அப்பாவுக்கு என்ன, மெல்லிசா இருந்தாலும் அப்பாதான். பாவம், இல்லாத வீட்டுப் புள்ள. நாமளாப் பாத்து ஒரு எடம் குடுத்தா புண்ணியம். அதையும் தகட்டையும் சேத்துப் புடிச்சு நிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்தா பேப்பர்காரனும் போடுவான். என்னம்மா, போகுமா?"

நாற்காலிகளின் முதல் வரிசைக்குப் பின்னால் இலக்கியா நின்றுகொண்டிருந்தாள். கேமரா அவள் கையிலேயே இருந்தது. மேடையில் வைக்கப்போகும் பொருள்களோடு அதையும் வைக்கச் சொல்வார்களோ என்று கொண்டுவந்திருந்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அன்புமொழியும் பார்த்தார்.

வாரக்கணக்கில் வாசல் வாசலாகக் கேட்டுக் கிடைக்காதது, கேட்காமலே முன்னால் வந்து நின்றது. ஆம் என்ற ஒரு சொல் போதும்.

"போகாதுங்கய்யா" என்றார் அன்புமொழி.

"மெல்லிசாக்குனாக்கூடவா?"

"மெல்லிசாக்குனாலும் போகாதுங்க."

இலக்கியா வாயைத் திறந்தாள். அன்புமொழி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. கெஞ்சல் இல்லை, மிரட்டலும் இல்லை. அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள்.

"சரி, படிச்சவங்க நீங்க சொன்னா சரிதான்" என்று பெரியகருப்பன் கற்பூரத்தட்டை எடுத்தார். அப்பாவின் முகத்துக்கு மூன்று சுற்று, பெட்டிக்கு மூன்று சுற்று. மணி அடித்தார்கள்.

செயற்கைக்கோள் பழுதில்லாமல் மேலே போயிற்று. தான் உயிரோடு இருப்பதையும் தன் பேட்டரி எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதையும் நாளுக்குச் சில முறை சொல்லிக்கொண்டிருந்தது. கண் இல்லாத அந்தப் பெட்டி கட்டுமாவடிக்கு மேலும் போயிருக்கும். அக்னி மூலையில் பேட்டரியை வைத்ததால்தான் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று பாராட்டு விழாவில் வாஸ்துக்காரருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வெற்றி எதையும் நிரூபிப்பதில்லை என்று சொல்ல வெற்றி விழாவில் இடம் கிடைப்பதில்லை. அன்புமொழிக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. நிலையான பாரம் ஒன்றைச் சுற்றி மற்றவற்றை அடுக்கிய விதம் சிறப்பாக இருப்பதாகத் தேர்வாளர்கள் பாராட்டினார்கள்.

அவர் பயந்துவிட்டார் என்று சிலர் சொல்லக்கூடும். பயப்படக் காரணம் அன்று இல்லை, கேட்டவரே தாளாளர். ஆய்வு கெட்டுவிடும் என்று நினைத்தாரா? கேமரா இருந்த அடுக்குதான் ஆய்வுக்கும் நல்லது. பித்தளைத் தாத்தா என்று சொன்னதற்காக அந்தப் பெண்மீது கோபமா? அவளைத் திங்கட்கிழமை கூப்பிட்டுத் திரையைக் காட்டியவர் அவர். உரிமையாகத் தராததைப் புண்ணியமாகத் தந்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை என்று ஒரு காலத்தில் நானே நினைத்தேன். அப்படியானால் அந்தப் பெருமிதத்துக்கு விலை கொடுத்தவள் வேறொருத்தி. இன்னொருவருடைய கேமராவை வைத்துத் தன் மானத்தைக் காப்பாற்ற யாருக்கு உரிமை இருக்கிறது? இதை அவரிடம் கேட்க நினைத்ததுண்டு. அவர் முகத்தைப் பார்த்தால் பேச்சை வேறெங்காவது திருப்பிவிடுவேன்.

இலக்கியா கேட்டாள். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த நாள். ஸ்டாஃப் பஸ் பழுதாகி, அன்புமொழியும் நானும் கல்லூரிக்கு எதிரே சாலையில் நின்றிருந்தோம். அவள் நேராக வந்தாள். வணக்கம் சொல்லவில்லை.

"மேம், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு ஏன் போகாதுன்னீங்க?"

அன்புமொழி சாலையைப் பார்த்தார். அறந்தாங்கி பஸ் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது.

"ஒன் பஸ்ஸு வருது, பாரு."

"போகட்டும் மேம். சொல்லுங்க."

பஸ் நின்றது. கண்டக்டர் "அறந்தாங்கி, கட்டுமாவடி" என்று கூவினார். இலக்கியா ஏறவில்லை. பஸ் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பிப் போயிற்று. அன்புமொழி பையைத் தோள் மாற்றிக்கொண்டார். அடுத்த பஸ் வரும்வரை மூவரும் அங்கேயே நின்றிருந்தோம். அவர் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.